உப்புத் தோணியில் ஏறிய பேய்

மாசிலாமணி முதலாளியின் உப்புத் தோணிகள் இரண்டு, ஆட்களோடு கடலில் காணாமல் போயின. கடல்பேய் விழுங்கிவிட்டது என்றார் முதலாளி. உப்பு மூட்டைகள் ஏற்றி நின்ற மூன்றாவது தோணியில் ஏற ஆட்கள் தயங்கினார்கள்.

"என் பேரைச் சொல்லுங்கடா, பேய் ஓடிடும். ஏறாதவனுக்கு இனி இந்தக் கரையில வேலை கிடையாது."

தோணிச் சமையல்காரன் சந்தியாகு கைகட்டி நின்றான். "பேருக்கே ஓடும்னா, நீங்களே வந்தா இந்தக் கடலை விட்டே போயிடுமே, முதலாளி. இந்த ஒரு நடை வாங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி ஏறினார். குனிந்து பார்த்தார். தண்ணீர் தோணியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

"மடப்பயல்களா! முதல்ல பாதி மூட்டையை இறக்குங்கடா!"

மூட்டைகள் இறங்க இறங்கத் தோணி மேலே எழும்பியது.

"பேய் இறங்குது, முதலாளி" என்றான் சந்தியாகு.

கரை சிரித்தது. காணாமல் போனவர்களின் மனைவிகள் மட்டும் அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.