ஆழத்தானின் மடை

"அம்மா, ஏரியில அது இருக்கா, இல்லையா?"

சேந்தன் கேட்டபோது மாசிலா அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உட்காருங்க அண்ணே. நீங்களும் கொஞ்சம் உரிங்க."

சேந்தன் உட்கார்ந்து உரித்தான்.

அம்மை குரு, அவன் சீடன். ஆனால் தலை நரைத்திருந்தது அவனுக்குத்தான். அதனால் அம்மை அவனை அண்ணே என்பார். அவன் அவரை அம்மா என்பான். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

சேந்தன் கடற்கரைக்காரன், சங்கு குளிப்பவன். மூச்சை அடக்கிக் கடலடியில் நடமாடுவதில் அவனுக்கு நிகரான ஆள் அந்தக் கரையில் கிடையாது.

ஒருநாள் அவன் அடியில் சங்கு தடவிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பெரிய நிழல் ஒன்று வந்து நின்றது. சேந்தன் கையிலிருந்ததை எல்லாம் போட்டுவிட்டு மேலே ஏறினான். மூக்கில் ரத்தம் வழிந்தது.

அன்றிலிருந்து அவன் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கிணற்றில் இறைத்துத்தான் குளித்தான். கடல் சத்தம் காதில் விழாத ஊர் தேடி மேற்கே நடந்தான். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் மருதங்கால்.

அந்த ஊர் ஏரியிலும் ஒன்று இருந்தது.

ஊர் அதற்கு ஆழத்தான் என்று பேர் வைத்திருந்தது.

குயவர் ஒருவர் அதன் கழுத்தைப் பார்த்திருக்கிறார், பனைமரம் மாதிரி. ஆடு மேய்க்கும் காத்தாயி முதுகைப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட பரிசல் போல் இருந்ததாம், மூச்சுவிட்டதாம். கோயில் மேளக்காரர் கண்டது குதிரை முகம்.

மடை திறக்கிற பொன்னன் கடைசியாகப் பார்த்தவர். ஏரிக்குள் இரண்டு கல்தூண் நிற்கும். அவற்றுக்கு அடியில் மடைவாய், அதன்மேல் ஒரு மூடுகல். ஏரி நிறைந்தால் ஓர் ஆள் முங்கிப் போய் அந்தக் கல்லை நகர்த்த வேண்டும். தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வாய்க்காலில் விழும். பொன்னன் அப்படி முங்கியவர், கல்லைத் தொடாமல் மேலே வந்தார்.

"கல்லுமேல சுருண்டு படுத்திருக்கு" என்றார். அதோடு வேலையை விட்டார்.

பிறகு யாரும் இறங்கவில்லை. மழையும் பொய்த்துப்போனதால் ஏரி நிறையவே இல்லை. ஊருக்கும் கவலையில்லை.

சேந்தன் ஒருவர் விடாமல் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க அம்மா. ஒருத்தர் கழுத்துங்கிறார், ஒருத்தி முதுகுங்கிறா. அப்போ பொய்தானே?"

"பொய் சொல்ற ஆளுங்களா அவங்க?"

"இல்ல. காத்தாயி சொல்லும்போது கை நடுங்குச்சு."

"அப்போ இருக்கு."

"இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியணுமே?"

"அப்போ இல்ல."

அம்மை ஒரு மொச்சையைப் பிளந்து பார்த்தார். புழு இருந்தது. தூர எறிந்தார்.

சேந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் விளையாட்டுக்குக் கேக்கல. என் பயம் போகணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"எங்க போகணும்?"

"என்னைவிட்டு வெளிய போகணும்."

அம்மை வாசலைப் பார்த்தார். வானம் கறுத்து, தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"மழை வருதே அண்ணே. இந்த நேரத்துல அது எங்க போகும், பாவம். இருந்துட்டுப் போகட்டும்."

அந்த மழை நிற்கவில்லை.

அப்படி ஒரு மழையை மருதங்கால் கண்டதில்லை. ஏரி நிறைந்தது. மிகை நீர் வெளியேறும் கலிங்கு வழிந்தது, வழிந்தும் போதவில்லை. ஒருநாள் விடிந்தபோது, கரையின் வெளிப்பக்கம் மண் வியர்ப்பதுபோல நீர் கசிந்துகொண்டிருந்தது.

கரை உடைந்தால் கீழே ஊர் இல்லை. எல்லாருக்கும் அது தெரியும். மண்ணும் வைக்கோலும் சுமந்து கொட்டினார்கள். கொட்டக் கொட்டக் கரைந்தது.

ஊர்த்தலைவர் வரகுணத்தார் ஓர் ஆட்டுக்கடாவைப் பிடித்துவரச் சொன்னார்.

"ஆழத்தானுக்குக் குடுத்துப் பார்ப்போம். மனசு இரங்கி மடையை விட்டு நகரட்டும்."

"நகர்ந்தாலும் கல்லை யாருங்க எடுக்கிறது?" என்றார் பொன்னன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையில் பழைய மடைக்கயிறு இருந்தது.



சேந்தன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். ஏரியின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டான். அம்மை அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, இப்பவாவது சொல்லுங்க. அது அங்க இருக்கா?"

அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பொன்னன் கையிலிருந்த கயிற்றை வாங்கி இடுப்பில் கட்டினார். படியில் இறங்கினார்.

முழங்கால் அளவு. இடுப்பளவு.

சேந்தன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"அம்மா, உங்களுக்கு முங்கத் தெரியுமா?"

"தெரியாது."

"நீச்சல்?"

"அதுவும் தெரியாது."

"பின்ன எதுக்கு இறங்குறீங்க?"

"தெரிஞ்சவர் கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறாரே."

சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார். அங்கே படி இல்லை. தலை மறைந்தது.

சேந்தன் தண்ணீரில் இருந்தான். எப்போது குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. அம்மையின் தோளைப் பிடித்துத் தூக்கிப் படியில் உட்கார வைத்தான். அவர் இருமினார், மூக்கைச் சிந்தினார், இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவனிடம் நீட்டினார்.

சேந்தன் கயிற்றைப் பார்த்தான். மார்பு வரை தண்ணீரில் நிற்பதை அப்போதுதான் கண்டான். பல் கிட்டியது. கை நடுங்கியது.

நடுங்குகிற கையாலேயே முடிச்சுப் போட்டான்.

"கயிறு ரெண்டு தடவை இழுபட்டா மேல தூக்குங்க" என்றான் பொன்னனிடம். பொன்னன் தலையாட்டினார். அவர் பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசியில் வரகுணத்தாரும் பிடித்தார். ஆட்டுக்கடா அவிழ்ந்துபோய்ப் புல் மேய்ந்தது.

சேந்தன் தூணை நோக்கி நீந்தினான். மூச்சை இழுத்து முங்கினான்.

சேற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. தூணைத் தடவிக்கொண்டே இறங்கினான். காது அடைத்தது. அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் கைக்கு மூடுகல் தட்டுப்பட்டது. விளிம்பில் விரல்களைக் கொடுத்து இழுத்தான்.

அசையவில்லை. வண்டல் படிந்து, வேர் பின்னிக் கிடந்தது. வேரைப் பிய்த்தான். வண்டலைத் தோண்டினான். மறுபடி இழுத்தான்.

அப்போது முதுகில் ஏதோ உரசியது.

வழவழப்பாக, கனமாக, அவசரமே இல்லாமல் உரசிக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளம். அவன் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

விரல்கள் கல்லின் விளிம்பில் இருந்தன. விட்டால் இந்த இருட்டில் மறுபடி பிடிக்க முடியாது.

காலைத் தூணில் ஊன்றினான். கடலில் பழகிய மூச்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அத்தனையையும் கையில் கொண்டுவந்து இழுத்தான்.

கல் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு மடைவாய் உறுமிக்கொண்டு தண்ணீரை இழுத்தது, அவனையும் சேர்த்து. சேந்தன் கயிற்றை இரண்டு தடவை இழுத்தான்.

மேலே ஊரே இழுத்தது.

அவன் தலை வெளியே தெரிந்தபோது கரையின் வெளிப்பக்கத்திலிருந்து காத்தாயியின் குரல் கேட்டது. "தண்ணி வருது! வாய்க்கால்ல தண்ணி வருது!"

வாய்க்கால் நுரை கக்கிக்கொண்டு ஓடியது. ஓடியவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், பார்க்காதவர்கள் ஓடினார்கள். மேளக்காரர் மழையிலேயே மேளத்தை எடுத்தார். நனைந்த தோல் தொம் தொம் என்றுதான் பேசியது. யாரும் குறை சொல்லவில்லை. சேந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார்கள். பொழுது சாயும்போது மழை விட்டது. ஏரி கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தது, கசிவு நின்றிருந்தது. அடுப்புகள் புகைந்தன. ஊர் அப்படியே இருந்தது.

தோளிலிருந்து இறங்கியதும் சேந்தன் நேராக ஏரிக்கு நடந்தான். உடம்பெல்லாம் சேறு. படியில் இறங்கி ஒரு முங்கு போட்டான். எழுந்தான். மல்லாந்து மிதந்தான். வெளுத்த வானத்தில் ஒரு நாரை போயிற்று. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மாசிலா அம்மை படியில் உட்கார்ந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை.

பொன்னன்தான் தண்ணீர் ஓரம் வரை வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லல, என்மேல உரசுச்சு அன்னைக்கு. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. மறைக்காமச் சொல்லுங்க. உங்கமேலயும் உரசுச்சா?"

"உரசுச்சு."

கரையில் நின்றவர்கள் படிப்பக்கம் நெருங்கினார்கள். மேளம் நின்றது.

"எப்படி இருந்துச்சு அது?"

சேந்தன் தண்ணீரில் மிதந்தபடியே யோசித்தான்.

"தெரியலீங்க. கல்லு ரொம்ப இறுகிக் கிடந்துச்சு."