யாரோ மிதித்த தடம்

மலைமடத்துப் பெண் குரு யங்சோமுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் தொந்துப்புக்கோ அறுபத்திரண்டு. முப்பது வருஷம் கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகுதான் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஆயுசெல்லாம் அந்த மலையைச் சுற்றிச் சுமை கொண்டுபோனவர், ஒரு தடவைகூட உச்சியில் ஏறி நின்றதில்லை.

"கால் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், அம்மா."

"நாளைக்கே போவோம், பெரியவரே" என்றார் குரு.

விடிந்ததும் கிளம்பினார்கள். மலையெங்கும் இடுப்பளவு பனி. காலில் முறம்போல் அகன்ற பனிமிதியடிகளைக் கட்டியிருந்தார்கள். வளைத்த மரச்சட்டத்தில் தோல்வார் பின்னியவை. அவை இருந்ததால் புதையாமல் நடக்க முடிந்தது. குரு முன்னே மிதித்து வழி செய்தார். தொந்துப் அந்தத் தடத்திலேயே கால் வைத்து ஏறினார்.

உச்சிப்பொழுதில் உச்சிக்குப் போய்விட்டார்கள். வானத்தில் துளி மேகம் இல்லை. மறுபக்கம், வெள்ளை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் போகும் தூரம்வரை போயின. தொந்துப்பின் கையிலிருந்த உப்புத் தேநீர் குடிக்காமலே ஆறிப்போயிற்று. கன்னத்தில் நீர் வழிந்தது.

"குளிர்" என்றார்.

"குளிர்தான்" என்றார் குரு.

இறங்கும்போது மேகம் கவிழ்ந்தது. பனி கொட்ட ஆரம்பித்தது. ஏறி வந்த தடம் கண்முன்னே தூர்ந்துபோயிற்று. எது சரிவு, எது பள்ளத்தின் விளிம்பு என்று தெரியவில்லை. குரு கைத்தடியால் குத்திக் குத்திப் பார்த்து நடந்தார். பிறகு அவரும் நின்றுவிட்டார்.

"வழி தெரிகிறதா, அம்மா?"

"இல்லை."

இப்படி நின்றுபோனவர்களைப் பனி உருகிய பிறகு தூக்கிவந்தவர் தொந்துப்.

நாலு எட்டு வைத்தார். கால் ஒரு குழியில் இறங்கியது. குனிந்து தடவிப் பார்த்தார். பனிமிதியடியின் பதிவு. அதற்கு முன்னால் இன்னொன்று.

"யாரோ போயிருக்கிறார்கள்! நம்முடையது இல்லை, அம்மா. இது நீளம் அதிகம்."

தடம் திரும்பிய இடத்தில் திரும்பினார்கள். இறங்கிய இடத்தில் இறங்கினார்கள். சில இடங்களில் அது மூடிப்போயிருந்தது. தொந்துப் மண்டியிட்டு, கையால் துழாவிக் கண்டுபிடித்தார். முழங்கால் வலி அவர் நினைவுக்கே வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தார்கள். தடம் இடப்பக்கமாகப் பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று. வலப்பக்கம், இருநூறு எட்டில் மடம்.

தொந்துப் பள்ளத்தாக்கைப் பார்த்து வாயருகே கை குவித்தார்.

"ஐயா! நீ நல்லா இருக்கணும்!"

கொட்டும் பனி அவர் குரலை விழுங்கிவிட்டது.

"முகம் தெரியாது, பேர் தெரியாது" என்றார் குருவிடம். "இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன், அம்மா?"

குரு மடத்தை நோக்கி நடந்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து தொந்துப் மிதியடியின் வார்களை அவிழ்த்தார். உள்ளே கஞ்சி கொதிக்கும் வாசனை. குருவுக்கும் அவிழ்த்துவிடலாம் என்று நிமிர்ந்தார், குருவைக் காணோம்.

அவர் வழி பிரியும் இடம்வரை திரும்பிப் போயிருந்தார். அங்கிருந்து பனியை அழுத்தி மிதித்துத் தடம் போட்டபடி வாசலுக்கு வந்தார். வந்ததும் மறுபடி திரும்பினார்.

"அம்மா, எங்கே போகிறீர்கள்? நாம்தான் வந்து சேர்ந்துவிட்டோமே!"

"ஆமாம், பெரியவரே" என்றார் குரு, நிற்காமலே. "நாம் வந்து சேர்ந்துவிட்டோம்."

தொந்துப் அவிழ்த்த வார்களை எடுத்துக் காலில் கட்டத் தொடங்கினார்.