பின்கதவிலிருந்து வந்த பதில்

வேங்கைமரக் காட்டில் முயல்கள் கூட்டமாக வாழ்ந்தன. ஒவ்வொரு வளைக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மரத் தாழ்ப்பாள். அத்தனை தாழ்ப்பாளும் ஒரே மரங்கொத்தி செய்து கொடுத்தவை.

ஒருநாள் காலையில் அந்த மரங்கொத்தி மரத்தின் உச்சிக்கு ஏறிக் கத்தியது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! போன மழைக்கு முன்னால நான் செஞ்ச தாழ்ப்பாள்ல ஒரு கோளாறு இருக்கு. கதவைக் கீழேயிருந்து தூக்கி ஆட்டினா தானா கழண்டுக்குது. பழசைக் கொண்டாங்க, புதுசு சும்மாவே தர்றேன்!”

முயல்களுக்குக் காது நீளம். ஆனாலும் அன்றைக்கு ஒழுங்காகக் கேட்டது, புதருக்குள் படுத்திருந்த குள்ளநரிதான். “தூக்கணும், ஆட்டணும்” என்று சொல்லிப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டது.

முயல்கள் என்ன செய்தன? “என் தாழ்ப்பாள் இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை” என்றது ஒன்று. “புல் துளிர்க்கிற நேரத்துல எவன் கதவைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உட்காருவான்?” என்றது இன்னொன்று. “போன வாரம்தான் கதவுக்குச் செம்மண் பூசினேன், மின்னுது பார்” என்றது ஒரு குண்டு முயல். செம்மண் பூச்சைப் பார்த்துப் பயந்து ஓடும் நரியை அது எந்தக் காட்டில் பார்த்ததோ!

கதவுகளைச் சோதிக்கும் பொறுப்பு ஒரு மயிலுடையது. மாதம் பிறந்தால் தோகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். ஒவ்வொரு கதவையும் அலகால் தட்டும். “தாழ்ப்பாள் சரியா?” என்று கேட்கும். உள்ளேயிருந்து “சரி!” என்று குரல் வரும். மயில் அடுத்த கதவுக்குப் போய்விடும். அவ்வளவுதான் சோதனை.

மரங்கொத்தி கத்திய பிறகும் அதே தட்டல், அதே கேள்வி. சாம்பலி என்ற தாய் முயல் மட்டும் பதில் சொல்லாமல் வெளியே வந்து வழியை மறித்தது.

“மயிலாரே, இதுக்குப் பேரு சோதனையா?”

“பின்னே? எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்களே.”

“கேட்டா எவன் இல்லேன்னு சொல்லுவான்? கதவைத் தூக்கி ஆட்டிப் பாருங்க.”

“அடுத்தவங்க கதவைப் பிடிச்சு ஆட்டறது மரியாதையா?”

“நரி வந்தா இந்த மரியாதையெல்லாம் பார்க்குமா?”

சாம்பலி பக்கத்து வளைக்குப் போனது. செம்மண் பூசிய கதவைத் தூக்கி ஆட்டியது. தாழ்ப்பாள் பொத்தென்று கீழே விழுந்தது. உள்ளே குண்டு முயல் வாய் நிறையப் புல்லோடு திருதிருவென்று விழித்தது.

“இப்பத்தானே சரின்னு சொன்னே?” என்று சீறியது சாம்பலி.

“அவர் கேட்டார், சொன்னேன்” என்றது குண்டு முயல்.

அதன்பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மாலைக்குள் ஒவ்வொரு முயலும் தன் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு மரங்கொத்தியிடம் ஓடியது. பொது வளையின் முன்கதவுத் தாழ்ப்பாளையும் சாம்பலியே மாற்றியது. தாய் முயல்கள் மேயப் போகும்போது குட்டிகளை விட்டுச் செல்லும் வளை அது. அதற்கு முள்புதருக்குப் பின்னால் ஒரு பின்கதவும் உண்டு. அந்தப் பக்கம் யாரும் குடியிருக்கவில்லை.

“அந்தப் பின்கதவு சரியா?” என்று சாம்பலி கேட்டது.

“சரிதான்! என் வீட்டு முட்டைகளையே அந்தக் கதவுக்கு உள்பக்கத்துலதான் வெச்சிருக்கேன். எனக்கு அக்கறை இருக்காதா?” என்றது மயில்.

சாம்பலியும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. முள்ளுக்குள் நுழைந்து ஆட்டிப் பார்க்கச் சோம்பல்.

உண்மையில் மயில் அந்தக் கதவையும் தட்டித்தான் பார்த்திருந்தது. ஆளில்லாத இடம், பதில் வரவில்லை. குறை சொல்ல யாரும் இல்லையென்றால் குறையே இல்லை என்பது மயிலின் கணக்கு.

நரி சும்மா இருக்குமா? கதவு கதவாகப் போய்த் தூக்கியது, ஆட்டியது. எல்லாம் புதுத் தாழ்ப்பாள், ஒன்றும் அசையவில்லை. வெறுத்துப்போய் முள்புதரைச் சுற்றி வந்தபோது பின்கதவு கண்ணில் பட்டது. தூக்கியது, ஆட்டியது. கழன்றுகொண்டது! உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது.

எதிரே மயிலின் முட்டைகள். அதற்கு அப்பால் ஒரு குறுகலான வளைவு. அங்கே குட்டி முயல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின. நரி முதலில் முட்டைகளை உடைத்துக் குடித்தது. பிறகு வளைவைத் தோண்ட ஆரம்பித்தது.

அன்று அடுத்த மாதம் பிறந்த நாள். டொக், டொக் என்று கதவு தட்டப்பட்டது.

“தாழ்ப்பாள் சரியா?”

நரி அசையாமல் நின்றது. மீசையில் மஞ்சள் கரு வழிந்தது.

“சரி!” என்றது.

மயிலுக்கு ஒரே பூரிப்பு. நேராக மேய்ச்சல் வெளிக்குப் போய்த் தோகையை விரித்தது. “கேட்டீங்களா? இத்தனை நாளா வாயே திறக்காத பின்கதவுலயே இன்னிக்குப் பதில் வந்துடுச்சு. நல்ல கனத்த குரல்!”

சாம்பலியின் வாயிலிருந்து புல் விழுந்தது. “அந்தப் பக்கம் யார் இருக்கா பதில் சொல்ல?”

மயில் யோசித்து முடிப்பதற்குள் சாம்பலி பாதி தூரம் ஓடிவிட்டது. முன்கதவைத் திறந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே போட்டது. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது நரியின் மூக்கு வளைவுக்குள் நுழைந்தது. ஒரு நொடி பிந்தியிருந்தால் அந்தக் குட்டி மிஞ்சியிருக்காது. இரை தப்பிவிட்டதைக் கண்ட நரி, வந்த வழியே நழுவி ஓடியது.

முட்டைகளுக்குத்தான் கால் இல்லையே. மயில் வந்து சேர்ந்தபோது வெறும் ஓடுகள் கிடந்தன.

“பதில் வந்துச்சே... சரின்னுதானே சொன்னுச்சு...” என்று முனகியது மயில்.

“நான் உங்க வாயை நம்பினேன். நீங்க நரி வாயை நம்பினீங்க” என்றது சாம்பலி. “போய் உங்க வீட்டம்மாகிட்டயும் சரின்னே சொல்லுங்க.”

ஊருக்கே தெரிந்த ஓட்டையைக் கையால் ஆட்டிப் பார்த்து மாற்றாமல், ‘சரியா?’ என்று வாயால் மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவன், கடைசியில் திருடனிடமிருந்துதான் பதில் வாங்குவான்.