பூசி மெழுகிய உத்திரம்

"அம்மை, என் தலையில எப்ப கை வைப்பீங்க?"

செண்பகராமன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல.

அந்த மடத்தில் குரு தலையில் கை வைத்தால்தான் தீட்சை. அதற்காகவே அவர் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள்கூட வாங்கிவிட்டார்கள். அவருக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

குரு தாணம்மை அவரைவிட வயதில் இளையவர். முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார்.

"குருபூசை வருது. கூடத்தை நீங்க பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

"பாத்துக்கிட்டா?"

"சுவத்தில ஒரு மண்கோடு ஏறுது. கண்டீங்களா?"

"கண்டேன். கரையான்."

"அதைத் துடைக்காதீங்க. எங்க போகுதுன்னு பாருங்க."

அம்மை மறுபடியும் கீரைக்குக் குனிந்துவிட்டார்.

செண்பகராமன் போய்ப் பார்த்தார். மூலையில், தரையும் சுவரும் சேரும் இடத்தில் கோடு புறப்பட்டிருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் புகுந்து, மேலே வெளிவந்து, கூரையைத் தாங்கும் நடு உத்திரத்தில் போய் முடிந்தது.

முக்காலி போட்டு ஏறினார். உத்திரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

அப்பளம் நொறுங்குவது போல மேல்தோல் நொறுங்கியது. விரல் உள்ளே போய்விட்டது.

உள்ளே மரம் இல்லை. ஈர மண் இருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக என்னவோ நெளிந்தது.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சொன்னால் கூடத்தைப் பூட்டுவார்கள். கூரையைப் பிரிப்பார்கள். இந்த வருஷம் குருபூசை இருக்காது. குருபூசை இல்லை என்றால் தீட்சையும் இல்லை.

பூசை வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்தார்.

களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து துளையை அடைத்தார். அதன்மேல், மரத்துக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயை வழிய வழியத் தடவினார். சுவரில் இருந்த கோட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். உத்திரம் கறுத்து மினுமினுத்தது.

பூசையன்று காலையில் அம்மை கேட்டார்.

"கூடம் எப்படி இருக்கு?"

"பூசி மெழுகியாச்சு, அம்மை."

"பூசி மெழுகியாச்சா?"

அவர் சொன்ன வார்த்தைதான். அம்மையின் வாயில் அது வேறு மாதிரி கேட்டது.

"ஆமா."

"சரி. பூசை முடியட்டும். இன்னைக்குக் கை வைக்கேன்."

செண்பகராமனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பூசை தொடங்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். குழந்தைகள் உத்திரத்துக்கு நேர் கீழே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். செண்பகராமன் மேலே பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

கைப்பிள்ளையோடு ஒருத்தி அம்மையிடம் வந்தாள். அவள் பெயர் பகவதி.

"பிள்ளை ஒறக்கத்துக்கு அழுது, அம்மை. ஒரு தொட்டில் கட்டிக்கிடட்டா?"

"உத்திரம் இருக்கே. அண்ணாச்சிகிட்ட கேளு. அவருதான் அதைப் பாத்துக்கிட்டாரு."

பகவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"இங்க வேண்டாம் தாயி. காத்து வராது."

"மழைக்காத்து பிச்சுக்கிட்டு வருதே!"

"எண்ணெய் தடவியிருக்கு. சேலையில கறை படும்."

"பழஞ்சேலைதான்."

"சன்னல் கம்பியில கட்டேன்."

"சன்னல்லயா? நீரு எத்தனை பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கீரு, பெரியப்பா?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். பாயசம் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர் நல்லபெருமாள் நீளக் கரண்டியும் கையுமாக வந்தார்.

"அண்ணாச்சிக்குப் பொறுப்பு ஜாஸ்தி. சாமிக்கு மட்டும்தான் உத்திரத்தை விடுவாரு. அந்தச் சேலையை இங்க தா, மக்கா."

கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். சேலையை எறிந்தார். அது உத்திரத்தின்மேல் விழுந்து மறுபக்கம் தொங்கியது. முடிச்சு விழுந்தது.

அப்போது அம்மை எழுந்தார். நேராக நடந்து வந்து, தொட்டிலுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேலே பார்க்கவில்லை. செண்பகராமனைப் பார்த்தார்.

பகவதி தொட்டிலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

உத்திரம் முனகவில்லை. பழுப்பாகக் கொஞ்சம் தூள் மட்டும் உதிர்ந்து, அம்மையின் வெள்ளைச் சேலை மடியில் விழுந்தது.

அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

பகவதி பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினாள். அதன் கால் தொட்டிலைத் தொட்டது.

"போடாதே!"

செண்பகராமன் போட்ட சத்தத்தில் மேளக்காரர் கைகூட நின்றுவிட்டது.

"பிள்ளையைப் போடாதே! உத்திரம் செத்துப்போச்சு. உள்ளே ஒண்ணும் இல்லை. எல்லாரும் வெளிய போங்க!"

நல்லபெருமாள் மேலே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு? பளபளன்னு!"

செண்பகராமன் சுவரில் சாய்த்திருந்த கரண்டியை எடுத்தார். காம்பால் உத்திரத்தைக் குத்தினார்.

காம்பு ஒரு சாண் உள்ளே போய்விட்டது.

அவர் அதை உருவியதும் கட்டி கட்டியாக மண் கொட்டியது. கரையான்கள் அவர் தலையிலும் தோளிலும் விழுந்து ஓடின.

"எனக்குத் தெரியும்," என்றார். "அன்னைக்கே தெரியும். நான்தான் பூசி மெழுகினேன்."

பகவதி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு வசவு தேவலை.

கூடம் காலியாயிற்று. சனங்கள் மாட்டுக்கொட்டகையில் நெருக்கியடித்து நின்றார்கள். அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்த விளக்கைக் காற்று அணைத்துவிட்டது.

கடைசியாக வெளியே வந்தவர்கள் அவரும் அம்மையும்தான்.

இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். செண்பகராமன் தலை நிமிரவில்லை. இனி ஊர் திரும்ப வேண்டியதுதான். எந்த பஸ்ஸில் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

"நான் வாறேன், அம்மை."

அம்மை அவர் தலையில் கை வைத்தார்.

"மண்ணு," என்றார்.

கையை எடுக்கவில்லை.