மில்காரனின் இரும்புப் பல்

வாயிலிருக்கும் ரொட்டியை முழுங்கிவிட்டு உட்காருங்கள். இது அந்த ரொட்டிக்கு மாவு அரைத்தவன் கதை. வெகுகாலத்துக்கு முன் இங்கிலாந்தில் ஓர் ஓடைக்கரையில் ஆம்ப்ரோஸ் என்று ஒரு மில்காரன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் பிடிவாதம் இருக்கிறதே, அப்பப்பா! மூட்டை கட்டினால் மூன்று வண்டி வேண்டும்.

ஓடைத் தண்ணீர் வெளியே நீர்ச்சக்கரத்தைத் தள்ளும். அதன் அச்சுமரம் உள்ளே ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். பெரியது சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, சின்னது திரிகைக் கல்லைச் சுழற்றும். சின்னதற்கு இரும்புப் பல் இருக்க, பெரியதற்கு மட்டும் ஆப்பிள் மரத்தில் பல். அவ்வப்போது ஒன்று உடையும். தச்சன் மகளான அவன் மனைவி ஹில்டா புதுசு செதுக்கி அடித்துவிடுவாள்.

ஒரு வருடம் பண்ணைப் பிரபு சொல்லியனுப்பினார்: "சனிக்கிழமை அறுவடை விருந்து. முப்பது மூட்டை மாவு வராவிட்டால் மில் வேறு ஆளுக்கு!"

திங்கள் ஒரு பல் உடைந்தது. செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. ஆம்ப்ரோஸ் உடைந்த பல்லை ஹில்டாவின் முன்னால் வீசினான்.

"போதும்டி உன் மரப்பல்! எல்லாத்தையும் இரும்பா மாத்தப்போறேன்."

"இரும்பு உடையாதுங்க. அதுதான் எனக்குப் பயம்."

அவன் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. வியாழக்கிழமை காலை கொல்லன் வந்து பெரிய சக்கரத்துக்கு இரும்புப் பல் அடித்துவிட்டுப் போனான். ஆம்ப்ரோஸ் சந்தைக்குப் போய் அரை நாள் பெருமையடித்துவிட்டு வந்தான்.

வெள்ளி முழுக்க ஒன்றும் உடையவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? பார்த்தியா?" என்று ஹில்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

சனிக்கிழமை காலை, கடைசி மூட்டை. டக்! டக்! டக்! கல் நின்றது. மூன்று பல் பறந்தது. ஒன்று அவன் மூக்கிலேயே பட்டது. எடுத்துப் பார்த்தால், கரி பூசிய ஆப்பிள் மரம்!

"நீங்க சந்தையில இருந்தப்போ சின்னச் சக்கரத்துப் பல்லையெல்லாம் நான் மரமா மாத்திட்டேன்," என்றாள் ஹில்டா.

அவன் கத்த வாயைத் திறந்தான். அவள் மதகை அடைத்து, கல்லைத் தூக்கி, உள்ளேயிருந்து கட்டைவிரல் நீள ஆணி ஒன்றை எடுத்தாள். கொல்லன் தவறவிட்ட ஆணி, தானியத்தோடு விழுந்திருந்தது.

"கல்லு நின்னாலும் தண்ணி நிக்காதுங்க. ரெண்டு சக்கரத்துப் பல்லும் இரும்பா இருந்தா அச்சுமரம் பிளந்திருக்கும். புதுசு செய்ய ஒரு வருஷம்."

ஆம்ப்ரோஸ் அச்சுமரத்தைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு சுத்தியலை எடுத்து வந்தான். ஹில்டாவின் மடியில் மூன்று புதுப் பல் தயாராக இருந்தது. மத்தியானத்துக்குள் முப்பது மூட்டையும் போய்ச் சேர்ந்தது, மில்லும் பிழைத்தது.

அதன்பின் அந்த வீட்டில் சண்டை முற்றும்போதெல்லாம், "இன்னைக்கு மரப்பல் யாரு?" என்று ஒருவர் கேட்பார். மூக்கைத் தடவிக்கொண்டே ஆம்ப்ரோஸ்தான் பெரும்பாலும் கை தூக்குவான்.

ஆகவே மக்களே, விட்டுக்கொடுக்க ஒருவராவது இருக்கிற இடம்தான் உடையாமல் நிலைக்கும்.