விளிம்பு மெலிந்த அண்டா

வேம்படியார் மடத்தில் கஞ்சி ஊற்றும் அகப்பை பதினோரு வருஷமாகச் சடையாண்டியின் கையில் இருந்தது. குருவைவிட அவர் இரண்டு வயது மூத்தவர். அதை அவரும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

ஒரு நாள் குருவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"சாமி, உலகத்துல இத்தனை மதம் இருக்கே. புதுசா ஒண்ணு எப்படி முளைக்குது?"

வேம்படியார் கஞ்சியைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பந்தியின் கடைசியில் இருந்த மருதையைப் பார்த்தார்.

"மருதை, நாளையிலிருந்து அகப்பை உன் கையில."

மருதை மடத்துக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வெங்காயம் உரிக்கச் சொன்னால் பாதியைத் தோலோடு எறிகிற ஆள்.

"நான் கேட்டதுக்குப் பதில் வரலியே, சாமி" என்றார் சடையாண்டி.

குரு கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மருதை அகப்பையோடு வந்து நின்றான். அண்டாவைக் காணோம்.

அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சடையாண்டி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஒன்பது பேர் போனார்கள். அவர் என்ன உபதேசம் செய்வார் என்று ஒருவருக்கும் தெரியாது. கஞ்சி எதில் காய்ச்சுவார் என்று தெரிந்திருந்தது.

அண்டாவின் விளிம்பில் 'வேம்படியார்' என்று பெயர் வெட்டியிருந்தது. அக்கரையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரைச் சடையாண்டி தேடிப் பிடித்தார்.

"இதை ராவிட்டு என் பேரை வெட்டு."

பெயர் வெட்டுகிறவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடியே யாரோ அரம் போட்டு ராவின தடம் இருக்குங்களே."

"உன்னை ராவத்தான் சொன்னேன். தடம் பார்க்கச் சொல்லலை."

அன்று மாலை சடையாண்டி முதல் உபதேசம் செய்தார். "இந்த மடத்துல அகப்பை கிடையாது. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை. அவரவர் அள்ளிக் குடிக்கலாம். அகப்பை பிடிச்ச கை ஆணவம் பிடிச்ச கை."

பதினோரு வருஷம் பிடித்த கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பசி நேரம்.

கூட்டம் பெருகியது. பழைய மடத்தில் இருந்தவர்கள் அகப்பைக்காரர்கள் ஆனார்கள், இவர்கள் சிரட்டைக்காரர்கள். பெண் கொடுப்பது நின்றது, பெண் எடுப்பது நின்றது. ஆற்றில் யார் மேல்பக்கம் குளிப்பது என்று தகராறு வந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. அடுத்த வருஷம் அந்த நாளில் திருவிழா நடந்தது. மண்டை உடைந்தவரே கொடி ஏற்றினார்.

அவரவர் அள்ளுவதிலும் வம்பு வந்தது. முதலில் வந்தவர்கள் சிரட்டையை அண்டாவின் அடிவரை விட்டுச் சோற்றை அள்ளிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு வெறும் நீராகாரம். அதனால் எல்லாருக்கும் ஒருவரே அள்ளட்டும் என்று சடையாண்டி அழகிரி என்ற சீடரை நிறுத்தினார். கை சுடுகிறது என்றார் அழகிரி. சிரட்டைக்கு மூங்கில் காம்பு போட்டுக் கொடுத்தார்கள்.

வழிப்போக்கர் ஒருவர் அதைப் பார்த்து, "நல்ல அகப்பை" என்றார்.

"அது காம்பு வச்ச சிரட்டை" என்றார் சடையாண்டி. வழிப்போக்கருக்கு அன்று கஞ்சி கிடைக்கவில்லை.

இத்தனை நடந்தும் சடையாண்டி தினமும் கரைக்கு வந்து எதிர்க்கரையைப் பார்ப்பார். 'நான் செஞ்சது தப்பு, நீதான் சரி' என்று குருவிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று பார்ப்பார். பரிசல் வரும், ஆடு வரும், அந்த வார்த்தை மட்டும் வராது.

பதிமூன்றாவது வருஷம் அழகிரிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கஞ்சி சிந்தியது. சடையாண்டி நல்ல மனதோடுதான் சொன்னார்: "நீ உட்காருப்பா. நாளையிலிருந்து வேற யாராவது ஊத்தட்டும்."

மறுநாள் காலையில் முந்நூறு பேர் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவைக் காணோம்.

சடையாண்டி பரிசல் ஏறினார்.

வேப்பமரத்தடியில் குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருதை மண்பானையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வாப்பா சடையாண்டி. சாப்பிடுறியா?"

"சாப்பிட வரலை. நியாயம் கேட்க வந்தேன்."

"கேளு."

"அன்னைக்கு அகப்பையை ஏன் மருதைகிட்டக் குடுத்தீங்க? என்னைவிட அவன் எதுல ஒசத்தி?"

"ஒண்ணுலயும் இல்லை. இன்னைக்கும் சிந்திக்கிட்டுத்தான் இருக்கான்."

மருதை தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சிந்தினான்.

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"அன்னைக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டே நீ ஒண்ணு கேட்டியே. வாயால சொன்னா உனக்கு ஏறாதுன்னு தோணிச்சு."

சடையாண்டி நின்றார். பிறகு உட்கார்ந்தார். மருதை அவர் முன்னால் ஒரு கலயத்தை வைத்துக் கஞ்சி ஊற்றினான். பாதி வேட்டியில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்டா போயிருச்சு, சாமி."

"யாரு?"

"அழகிரி. மலைப்பக்கம் போயிருக்கான். கூட நாற்பது பேரு."

"அகப்பை வேணுங்கிறானா?"

"சிரட்டைகூடக் கூடாதாம். உள்ளங்கையில வாங்கிக் குடிக்கணுமாம்."

குரு கலயத்தைக் கீழே வைத்தார்.

"அழகிரிக்குப் பேரு வெட்டுறவன்கிட்டப் பார்த்து ராவச் சொல்லு. என் குருகிட்டேருந்து நான் தூக்கிட்டு வந்தப்பவே விளிம்பு மெலிசாத்தான் இருந்துச்சு. இன்னும் எத்தனை பேரு தூக்கணுமோ."