காவலுக்கு வந்த கருஞ்சிப்பி

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கிட்டே. இந்தக் கதையைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். பயப்படாதீர்கள், கோபம் உங்கள் மேல் இல்லை.

கரையோரக் கடலுக்கு அடியில் ஒரு புல்காடு. அங்கே ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. மூக்கே இல்லாவிட்டாலும் அதற்கு மூக்கின் மேல் கோபம். பக்கத்துச் சேற்றில் புதைந்து ஒரு மஞ்சள் மட்டிச் சிப்பி. புல்லுக்குள்ளே இறால் குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்தன.

ஒரு நாள் விசைப்படகின் இழுவலை வந்தது. பாதிக் காட்டை வேரோடு வழித்துக்கொண்டு போனது. ஏனென்று கேட்க நாதியில்லை.

"மறுபடி வரட்டும்! கொடுக்காலேயே கிழிக்கிறேன்!" என்று நண்டு குதித்தது.

"குதிக்காதே தம்பி. மிச்சப் புல் இருக்கிறதே, அது தானாகப் படரும். பொறு," என்றது மட்டி.

அந்த வழியாகப் போன கப்பலின் அடியிலிருந்து ஒரு கருஞ்சிப்பி கழன்று, வலை வழித்த தரையில் விழுந்தது. புல் இருந்திருந்தால் அதற்கு உட்காரவே இடம் கிடைத்திருக்காது.

"அண்ணே, உங்கள் கோபம் நியாயம்," என்றது அது நண்டிடம். "நான் என் உடம்பிலிருந்து நூல் விட்டுத் தரையைக் கட்டிவிடுகிறேன். எந்த வலையும் பெயர்க்காது. காவலுக்கு நானும் என் பிள்ளைகளும் போதும். இந்த மிச்சப் புல்தான் இடைஞ்சல். வெட்டித் தாருங்கள்."

"வலைக்காரன் பாதியைப் பிடுங்கினான், மீதியை நீ பிடுங்குவாயா? வெட்கமாக இல்லை?" என்று மட்டி கத்தியது. "அந்தக் குஞ்சுகள் எங்கேயடா போகும்?"

"வாயை மூடு அக்கா. சேற்றில் புதைந்து கிடப்பவளுக்குச் சண்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்றது நண்டு.

வெட்டியது. ஒரு தாள் விடாமல் வெட்டியது, பாவி! ஒளிய இடமில்லாத குஞ்சுகளை மீன்கள் பட்டப்பகலில் தின்றன. கருஞ்சிப்பிக்குப் பிள்ளைகள் பெருகின, பேரப்பிள்ளைகள் பெருகின. ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தரை முழுக்கப் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டன. அடியில் மாட்டிய மட்டி மூச்சுக்குத் தவித்துக் கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

நண்டு தூங்கி விழித்தபோது வளை வாசலில் கொடுக்கு நுழையும் அளவு ஓட்டையில்தான் வெளிச்சம் இருந்தது.

"அடேய், வழி விடு! இது என் வீடு!"

"காவல் என்றால் கதவைச் சாத்த வேண்டாமா அண்ணே?" என்று சிரித்த கருஞ்சிப்பி, கடைசி நூலை இழுத்து அந்த ஓட்டையையும் அடைத்தது.

நீதி: காவலுக்கு வருகிறேன் என்பவன், முதலில் உன் வீட்டில் எதைப் பிடுங்கச் சொல்கிறான் என்று பார்.